ஏழாவது பங்காளி

பங்காளி என்னுஞ் சொல் நம் மொழியிலே இரண்டு முகங்களைக் கொண்டது. பங்குடையவன் என்பது அதன் நேர்ப்பொருள். ஆயின், நாட்டு வழக்கிலே அச்சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவன், ஒரே முதுசத்துக்கு உரிமை பேசி, ஒரு வேலிக் கதியாலின் பொருட்டு நீதிமன்றப் படியேறுகின்ற உறவினனே. அயலான் முற்றத்தில் நெல் குவிந்தாற் பொறுத்துக்கொள்ளும் மனிதன், பங்காளி முற்றத்திற் குவிந்தாற் பொறுப்பதில்லை. இந்த நோய்க்குப் 'பங்காளிக் காய்ச்சல்' என்று நம்மவர் பெயருஞ் சூட்டி வைத்திருக்கின்றனர்.

ஒரு குடியிற் பிறந்தாரிடையே நிலைமை இதுவானால், உறவெதுவுமின்றி, ஒரே தொழிலைச் செய்து, ஒரே வேலைக்குப் போட்டியிட்டு, ஒருவர் இழந்ததை மற்றவர் பெற்று வளர்கின்ற கட்டட நிறுவனங்கள் பல்லாண்டு காலம் பங்காளிகளாய்க் கூடித் தொழில் செய்தல் இயலுமா? இயலும் என்பதற்கு வரலாற்றிலே சான்று உண்டு. அத்தகைய கூட்டு எதனால் உயர்கின்றது, எங்கே தவறுகின்றது என்பதையும் அந்தச் சான்றே நமக்குக் காட்டுகின்றது.

அதனைத் தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டும்; ஆயினும் வழி நம் நாட்டிலிருந்தே தொடங்குகின்றது. கல்லோயாவை மறித்து இங்கினியாகலையில் எழுந்து நிற்கும் அணையையும், அதன் பின்னே குன்றுகளுக்கிடையிற் பரந்து கிடக்கும் சேனாநாயக்க சமுத்திரத்தையும் கண்டோர் நம்மிடையே பலர். 1949ஆம் ஆண்டிலே தொடங்கிய அவ்வணை வேலையை ஒப்பந்தமெடுத்துச் செய்தது மொறிசன்-நூட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனி. அக்கம்பனி இங்கு வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், தன்னோடு போட்டியிட்டிருக்கக்கூடிய வேறு ஐந்து பங்காளிகளோடு கைகோத்து, கொலராடோ நதியை மறித்து, அக்காலத்து உலகிலே மிகவுயர்ந்த அணையை எழுப்பியது. இன்று ஹூவர் அணை எனப் பெயர் பெற்றிருக்கும் அதன் வரலாறே நாம் கூறப்போவது.

ஆறு பெயர்கள்

நெவாடா, அரிசோனா என்னும் இரு மாநிலங்களின் எல்லையிலே, செங்குத்தான பாறை மதில்களின் நடுவே கொலராடோ ஓடுகின்றது. மலைப்பனி உருகுங் காலத்திலே வெள்ளமாய்ப் பெருகிக் கீழ்நிலத்துப் பயிரை அழிப்பதும், கோடையிலே மெலிந்து உழவனைக் கைவிடுவதும் அந்நதியின் இயல்பாயிருந்தன. அதனை அடக்கி அணை கட்டுவதற்கான சட்டம் 1928ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறியது. 1931ஆம் ஆண்டு மார்ச் 4ஆந் தேதி டென்வர் நகரத்திலே கேள்விப்பத்திரங்கள் திறக்கப்பட்டன.

அரசாங்கம் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. கேள்விப்பத்திரத்தோடு 20 இலட்சம் டொலருக்கு உறுதி காட்டவேண்டும். வேலை கிடைத்தால் 50 இலட்சம் டொலருக்குப் பிணை கொடுக்கவேண்டும். குறித்த தவணைக்குள் நதியைத் திருப்பாவிடின், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 3,000 டொலர் தண்டம் இறுக்கவேண்டும். நாடெங்கும் பொருளாதார மந்தம் கவிந்திருந்த காலம் அது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே இப்பெருஞ் சுமையைத் தனித்துத் தாங்கவல்ல கட்டட நிறுவனம் ஒன்றேனும் இருக்கவில்லை. தனித்து நின்றால் ஒருவருக்கும் கிடையாது. கூடி நின்றால் எல்லோருக்கும் கிடைக்கும் என்ற நிலை.

அவ்வாறு கூடியோர் யார்? ஒக்டன் நகரத்து வட்டிஸ் சகோதரர்களின் யூட்டாக் கட்டடக் கம்பனி ஒன்று. பொய்சி நகரத்து மொறிசன்-நூட்சன் மற்றொன்று. போட்லண்டைச் சேர்ந்த பசிபிக் பாலக் கம்பனி, நீருக்கடியிலே அத்திவாரமிடுவதிற் கைதேர்ந்தது. ஷியாவின் கம்பனி, சுருங்கையும் நிலக்கீழ்க் குழாயும் அமைப்பதிலே பெயர் பெற்றது. சான்பிரான்சிஸ்கோவின் மக்டொனால்ட்-கான், மாடமாளிகைகளை எழுப்பி வந்தது. வீதிவேலையில் வளர்ந்த ஹென்றி கைசரும் வாரன் பெக்டெலும் சேர்ந்து ஆறாவது பங்கினை ஏற்றனர்.

இவர்களுட் குலமொன்றில்லை, மதமொன்றில்லை. வட்டிஸ் சகோதரர் மோர்மன் சமயத்தவர். பீலிக்ஸ் கான், யூத குருவானவர் ஒருவரின் மகன். நூட்சன் டென்மார்க்கிலிருந்து குடியேறியவர். கைசர், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியோரின் மகன். பதின்மூன்று வயதிலே பள்ளியை விட்டு வெளியேறியவர். ஆயின், தொழிலைக் கற்ற வழி ஏறத்தாழ ஒன்றே. கோவேறு கழுதைகளைப் பூட்டி மண்வாரியிழுத்து, புகையிரதப் பாதைக்கு மேடு கட்டி, படிப்படியாக முன்னேறியவர்களே அவர்களுட் பலர். சொன்ன தவணைக்குள் வேலையை முடிப்பதே மானம் என்ற கொள்கை அவர்களுக்குப் பொதுவாயிருந்தது.

இக்கூட்டிற்குப் பெயர் வைத்த கதையொன்றுண்டு. சான்பிரான்சிஸ்கோவிலே சீனர்களின் ஆறு சங்கங்கள் ஒன்றுகூடி, தம்மவரிடையே எழும் பிணக்குகளைத் தாமே தீர்த்து வந்தன. 'ஆறு கம்பனிகள்' என்பது அவ்வமைப்புக்கு நகரத்தில் வழங்கிய பெயர். அதனையே தமக்கும் சூட்டிக்கொள்ளலாம் எனக் கான் கூறினாராம். பிணக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகாமல் தமக்குள்ளே தீர்த்துக்கொள்ளும் பங்காளிகள் என்னும் கருத்து அப்பெயரிலே பொதிந்திருந்தது.

நம்பிக்கைக்கு ஓர் ஒழுங்கு

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்றோர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். அதன் பெயரிலேயே முதலில் நிற்பது தெரிதல்; பின்னர் வருவதே தெளிதல். இவ்வறுவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் நம்பியவரல்லர். யூட்டாக் கம்பனியும் மொறிசன்-நூட்சனும் முன்னரே சில அணைகளைச் சேர்ந்து கட்டியவை. கைசரும் பெக்டெலும் வீதிவேலைகளிலே பல்லாண்டு கூடியுழைத்தவர்கள். சிறு வேலையில் வாய்மை காத்தவனையே பெருவேலைக்குத் துணையாகக் கொண்டனர்.

கட்டடத் தொழிலிலே இத்தகைய தெளிவு ஏன் இன்றியமையாதது என்பதைச் சிறிது விளக்குதல் தகும். துணி வணிகன் சரக்கைக் கண்ணாற் பார்த்து விலை பேசுகின்றான். அணை கட்டுபவனோ, பாறைக்குள் என்ன இருக்கின்றது என்பதை அறியுமுன்னரே விலை சொல்லவேண்டும். வெள்ளம் எப்போது வரும் என்பதை அறியுமுன்னரே தவணை சொல்லவேண்டும். கூட்டு ஒப்பந்தத்திலே இடையில் ஒருவர் நொடித்து விழுந்தால், அவர் பங்கையும் எஞ்சியோரே சுமக்க நேரும். ஆகவே பங்காளியின் கையிருப்பு, கணக்கு, குணம் மூன்றையும் ஒருவர் தம்முடையவைபோல் அறிந்திருத்தல் வேண்டும்.

இவர்கள் செய்த ஒழுங்கு எளியது. வேலைத்தளத்தின் முழு அதிகாரமும் பிராங்க் குரோ என்ற ஒரே பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் அணை கட்டிய அவர், மொறிசன்-நூட்சன் கம்பனியின் ஆள். அவர் தயாரித்த மதிப்பீட்டின்படி கூட்டு கேட்ட தொகை ஏறத்தாழ 4 கோடி 89 இலட்சம் டொலர். அரசாங்கப் பொறியியலாளர் தமக்குள் வைத்திருந்த கணக்கிற்கும் அதற்கும் இருந்த வேறுபாடு 24,000 டொலரளவே. அடுத்த கேள்விப்பத்திரமோ ஐம்பது இலட்சம் டொலர் அதிகமாயிருந்தது. கட்டுமானத்தை மேற்பார்ப்பது ஷியாவின் பொறுப்பு; கொள்வனவும் போக்குவரத்தும் இளையவரான ஸ்டீபன் பெக்டெலின் பொறுப்பு; உணவும் உறைவிடமும் கானின் பொறுப்பு. ஆறு முதலாளிமாரும் ஆறு திசையிலே கட்டளையிடும் குழப்பம் இவ்வாறு தவிர்க்கப்பட்டது.

பயன் விரைவிலே தெரிந்தது. நதியைத் திருப்புவதற்காகப் பாறையைக் குடைந்து, ஒவ்வொன்றும் 56 அடி விட்டமுள்ள நான்கு சுருங்கைகள் அமைக்கப்பட்டன. 1933ஆம் ஆண்டு அக்டோபருக்குள் திருப்பவேண்டிய நதி, 1932 நவம்பரிலேயே திரும்பியது. 1933 ஜூனில் முதற் கொங்கிறீற்றுக் கொட்டப்பட்டது. அணையில் மட்டும் சென்ற கொங்கிறீற்று 32½ இலட்சம் கன யார். அத்துணைப் பெருந்திணிவு தானாகக் குளிர நீண்டகாலம் பிடிக்குமாதலால், அதனூடே 582 மைல் நீளமான மெல்லிய உருக்குக் குழாய்களைப் பதித்துக் குளிர்ந்த நீரை ஓட்டினர். 726 அடி உயர்ந்த அணையை, 1936 மார்ச்சிலே, தவணைக்கு இரண்டாண்டுகளுக்கு மேல் முந்தி அரசாங்கத்திடம் ஒப்படைத்தனர். கூட்டின் முதற் தலைவரான வட்டிஸ் 1931இலும், மூத்த பெக்டெல் 1933இலும் காலமாயினர். ஆயினும் கூட்டு சிதையவில்லை.

கணக்கில் வராதோர்

கதை இவ்விடத்தில் முடிந்திருப்பின், பங்காளிகளின் ஒற்றுமையைப் போற்றிப் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். ஆயின், அறுவரும் பொதுவாய்ப் போற்றிய குணம் விரைவு. அந்த விரைவுக்கு விலை கொடுத்தோர் அவ்வறுவரல்லர்.

வேலையற்றோருக்குத் தொழில் கொடுக்கும் நோக்கத்தோடு, தொழிலாளர் குடியிருப்பதற்கான நகரம் ஆயத்தமாகுமுன்னரே வேலை தொடங்கப்பட்டது. 1931ஆம் ஆண்டுக் கோடையிலே பள்ளத்தாக்கின் வெப்பம் 120 பாகை பரனைற்றை எட்டியது. ஆற்றங்கரைப் பாசறைகளிலே நல்ல குடிநீர்தானும் இல்லை. ஒரு மாதத்துக்குள் பத்துப்பேருக்கு மேல் வெப்பத்தினால் மாண்டனர். ஆகஸ்ட் மாதத்திலே சுருங்கைத் தொழிலாளர் சிலரின் கூலி குறைக்கப்பட்டபோது வேலைநிறுத்தம் மூண்டது. குளிர்நீரும் பாதுகாப்புமே அவர்கள் கேட்டவற்றுள் முக்கியமானவை. குரோ ஒன்றுக்கும் இணங்கவில்லை. லாஸ் வேகஸ் வீதிகளிலே ஆயிரக்கணக்கானோர் வேலை தேடி அலைந்துகொண்டிருக்க, வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு வலிமை ஏது? ஒருவாரமளவில் அது முறிந்தது. பின்னர் வீடும் நீரும் வந்தன என்பது உண்மை. ஆயின், பேசித் தீர்த்ததனால் வரவில்லை.

இதனினுங் கொடியது சுருங்கைகளுக்குள் நிகழ்ந்தது. நிலத்துக்கடியிலே பெற்றோல் வண்டிகளை ஓட்டுதல் நெவாடா மாநிலத்துச் சுரங்கச் சட்டத்துக்கு மாறானது. கம்பனிகளோ, விரைவு கருதி, பெற்றோல் லொறிகளையே சுருங்கைக்குள் ஓட்டின. மாநில அதிகாரிகள் தடுக்க முயன்றபோது நீதிமன்றம் ஏறி வென்றன. பங்காளிகளுள் எழும் பிணக்கை வழக்கின்றித் தீர்ப்போம் எனப் பெயரிலேயே பொறித்துக்கொண்டவர்கள், தொழிலாளியின் மூச்சைக் காக்க எழுந்த சட்டத்தோடு வழக்காடினர். நச்சுப்புகையினால் உடல் கெட்டோம் என்று தொழிலாளர் பலர் தொடுத்த வழக்குகள் பல்லாண்டு இழுபட்டு, 1936 ஜனவரியில், ஐம்பதுபேருக்குத் தொகை கொடுத்து முடித்துக்கொள்ளப்பட்டன. அணை வேலையில் இறந்தோர் 96 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. நியுமோனியாவால் மாண்டதாகப் பதியப்பட்ட 42 தொழிலாளர் அத்தொகையிற் சேரவில்லை. அதே காலத்தில், அதே ஊரில், தொழிலாளரல்லாத ஒருவர்தானும் அந்நோயினால் இறந்ததாகப் பதிவில்லை. உண்மை நோய் எது என்ற ஐயம் அன்றே எழுந்தது.

இன்னொன்றையுஞ் சொல்லவேண்டும். சீனச் சங்கங்களின் பெயரை மகிழ்ந்து எடுத்துக்கொண்ட கூட்டு கைச்சாத்திட்ட ஒப்பந்தத்திலே, மொங்கோலிய இனத்தவரை வேலைக்கமர்த்தலாகாது என்ற விதி இருந்தது. சீனரின் பெயர் அங்கே வேலை செய்தது. சீனர் வேலை செய்யவில்லை. உச்சநிலையில் 5,000க்கு மேற்பட்டோர் உழைத்த அத்தளத்திலே கறுப்பின மக்களும் ஒரு சிறு தொகையினரே.

பொது விழுமியம் என்று நாம் பெருமையாகப் பேசுவது, எந்த வட்டத்துக்குட் பொது என்று கேளாமல் விடுவோமானால், இவ்வாறுதான் முடியும். கள்வருக்குள்ளும் வாய்மை உண்டு. தம்முள் நேர்மை காப்பது கூட்டு நிலைப்பதற்குப் போதும். அது அறமாவதற்குப் போதாது. ஆறு பங்காளிகள் இருந்தனர். ஏழாவது பங்காளி ஒருவன் சுருங்கைக்குள் நின்றான். அவனுக்குப் பங்கில்லை, ஆயின் நட்டத்தில் மட்டும் பங்கிருந்தது.

ஐந்து சதம்

அதே நதியின் கீழ்ப்புறத்திலே, அதே ஆண்டுகளிலே, வேறொரு முயற்சி சிறிதாய்த் தொடங்கியது. கொலராடோவின் நீரை லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கொண்டு செல்லும் பெருங்கால்வாயை, மொஹாவிப் பாலைவனத்தினூடே ஏறத்தாழ ஐயாயிரம் தொழிலாளர் அமைத்துக்கொண்டிருந்தனர். அக்கால்வாய்க்கு நீர் தேக்கும் பார்க்கர் அணையைப் பின்னர் கட்டியவர்களும் நம் ஆறு கம்பனியாரே. 1933ஆம் ஆண்டிலே சிட்னி கார்பீல்ட் என்ற இளம் வைத்தியர் அங்கே பன்னிரண்டு கட்டில் கொண்ட சிறு ஆஸ்பத்திரியொன்றை நிறுவினார். நோயாளி வந்தான், பணம் வரவில்லை. ஆஸ்பத்திரி மூடப்படும் நிலைக்கு வந்தது.

அப்போது, ஒப்பந்தகாரர்கள் தமக்குள் கூடி நடத்திய காப்புறுதிக் கம்பனி ஒரு வழி சொன்னது. விபத்து நேர்ந்தபின் பணங்கொடுப்பதை விடுத்து, தொழிலாளி ஒருவனுக்கு நாளொன்றுக்கு 5 சதம் வீதம் முன்கூட்டியே வைத்தியருக்குக் கொடுப்பது. தொழிலாளி விரும்பித் தானும் 5 சதம் கொடுத்தால், வேலையோடு தொடர்பில்லாத நோய்க்கும் வைத்தியம் பார்ப்பது. இச்சிறு மாற்றம் பெரிய விளைவைத் தந்தது. முன்னர் காயம்பட்டவனால் வைத்தியருக்கு வருவாய். இப்போது காயம்படாதவனால் வருவாய். வைத்தியர் தாமே வேலைத்தளத்துக்குச் சென்று, பலகைகளிலே நீட்டி நிற்கும் ஆணிகளை அடித்து மடக்குவிக்கத் தொடங்கினார்.

1938ஆம் ஆண்டு கிராண்ட் கூலி அணையின் எஞ்சிய வேலையைக் கைசரும் பழைய பங்காளிகளும் மேற்கொண்டபோது, கார்பீல்டை அழைத்து அதே ஏற்பாட்டைச் செய்தனர். தொழிற்சங்கங்கள் வற்புறுத்த, மனைவி மக்களுக்கும் அது விரிந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே கைசரின் கப்பற்றளங்களிலும் இம்முறை வழங்கியது. தொழிலாளியின் உடலைப் பேணியதால் வேலை தளரவில்லை. 1942 நவம்பரிலே றிச்மண்ட் தளத்திலே சரக்குக் கப்பலொன்று, கட்டத் தொடங்கி ஐந்து நாள் நிறையுமுன்னரே நீரில் இறங்கியது. 1945இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்ட அவ்வைத்தியத் திட்டமே இன்று கைசர் பெர்மனென்ரே என வழங்குவது. 1 கோடி 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதிற் சேர்ந்திருக்கின்றனர்.

இது அறமா, வணிகக் கணக்கா என்று கேட்போர் உளர். இரண்டும் என்பதே நேர்மையான விடை. ஆயின் கணக்கின் உருவம் மாறிவிட்டது என்பதை நாம் காணவேண்டும். பெற்றோல் லொறிக் கணக்கிலே, தொழிலாளியின் உடல் எழுதப்படாத செலவு. ஐந்து சதக் கணக்கிலே அது எழுதப்பட்டது. எழுதப்பட்டதும் அவன் பங்காளியாகத் தொடங்கினான். 1959ஆம் ஆண்டின் பெரும் உருக்கு வேலைநிறுத்தத்திலே ஏனைய பெருங்கம்பனிகள் மறுத்து நிற்க, கைசரின் உருக்குக் கம்பனி தனித்து முன்வந்து தொழிற்சங்கத்தோடு உடன்படிக்கை செய்தது. பின்னர் ஆலையின் செலவுச் சேமிப்பிலே தொழிலாளருக்கு ஒரு பங்கும் வகுத்தது. பங்கு என்ற சொல் அங்கே பொருளோடு வழங்கியது.

ஒருமுறை ஏற்றுக்கொண்ட விழுமியம் என்றைக்கும் நிலைக்கும் என நினைப்பதும் பிழை. அதே உருக்குக் கம்பனி 1987இல் முறிந்தபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர் தமக்கு வாக்களிக்கப்பட்ட வைத்திய உதவியை இழந்து தவித்தனர். தந்தை கொடுத்த வாக்கு மகன் காலத்தில் மீண்டும் கொடுக்கப்படவேண்டியிருக்கின்றது.

எஞ்சி நிற்பது

அந்த ஆறு பெயர்களும் இன்று எங்கே? அவர்கள் ஒரு வேலையோடு பிரியவில்லை. வேலைதோறும் புதிய கூட்டு அமைத்து, ஒருமுறை ஒருவர் தலைமை தாங்க மற்றவர் பங்கெடுப்பதும், மறுமுறை அது மாறுவதுமாய், அணையும் பாலமும் கப்பலும் செய்தனர். சிறிது சிறிதாய் வழிகள் பிரிந்தன. குரோவும் 1938இல் வேறொரு கூட்டிற்குப் போய், சாஸ்தா அணையைக் கட்டி, 1946இல் மறைந்தார். யூட்டாக் கம்பனி 1976இல் பெருநிறுவனமொன்றிற் கலந்தது. நம் கல்லோயாவுக்கு வந்த மொறிசன்-நூட்சன் 1990களிலே நொடித்து, வேறு கைக்கு மாறிப் பெயரையும் இழந்தது. பெக்டெல், ஷியா குடும்பத்தாரின் நிறுவனங்கள் இன்றும் தொழில் செய்கின்றன.

பகைவரும் போட்டியாளரும் பங்காளிகளாகும் அம்முறை மட்டும் உலகெங்கும் பரவியது. மகாவலித் திட்டத்திலே 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்ரோறியா அணையும் பிரித்தானியக் கட்டட நிறுவனங்கள் இரண்டு கூடிக் கட்டியதே. இன்று எந்தப் பெரும் பாலத்தின், துறைமுகத்தின் அறிவிப்புப் பலகையிலும் இரண்டு மூன்று கம்பனிகளின் பெயர்களை ஒருங்கே காணலாம். பொது நோக்கம், பரஸ்பர நம்பிக்கை, நீடித்த உறவு என்னுஞ் சொற்கள் அவற்றின் அறிக்கைகளிலே தவறாமல் இடம்பெறுகின்றன. அவை பொய்யென்று நாம் கூறவில்லை. கொலராடோவிலும் அவை மெய்யாகவே இருந்தன.

ஆனால் அச்சொற்களைப் படிக்கும் மாணவனும் அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியனும் மற்றொரு கேள்வியையுஞ் சேர்த்துக் கேட்கவேண்டும்: பலகையிலே பெயரில்லாத பங்காளிக்குக் கணக்கேட்டில் இடமுண்டா? ஆறு கம்பனிகளின் கூட்டிலிருந்து இரண்டு பொருள்கள் இன்று நம் காலத்துக்கு எஞ்சியிருக்கின்றன. ஒன்று, நதியை மறித்து நிற்கும் கொங்கிறீற்று. மற்றொன்று, பாலைவனத்திலே ஐந்து சதத்தில் முளைத்த வைத்தியசாலை. முன்னையது அறுவர் தம்முள் நம்பியதால் எழுந்தது. பின்னையது, ஏழாவது ஆளையும் எண்ணத் தொடங்கியதால் எழுந்தது.